புதைபடிவ டைனோஃபிளாஜெல்லேட் சிஸ்ட்: ஒரு சிற்றினத்தை விவரிப்பதும் வகைப்படுத்துவதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரி, கடலூர் வட்டாரத்தில் புவியியலும் கடல் உயிரியலும் படிக்கும் முதுநிலை மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. ஆழ்துளைக் கிணற்று மண்ணைக் கையில் வைத்துக்கொண்டு "இதில் ஏதாவது இருக்குமா?" என்று கேட்பவர்களுக்கும் உதவும். வரிசையாகப் படிக்க வேண்டும் என்றில்லை. புதுச் சிற்றினம் கிடைத்துவிட்டது என்று நினைப்பவர்கள் மட்டும் ஆர்க்கியோபைல் (சிஸ்டின் வாசல்) பற்றிய பகுதியைத் தாண்டிப் போக வேண்டாம்.

சிஸ்ட் என்றால் அந்த உயிரியேதானா?

இல்லை. டைனோஃபிளாஜெல்லேட் என்பது இரண்டு கசையிழைகளோடு நீரில் நீந்தும் ஒருசெல் உயிரி. நீந்தும் நிலையில் பல இனங்களுக்குச் செல்லுலோஸ் தகடுகளாலான கவசம் உண்டு. செல் இறந்ததும் அது சில நாட்களில் சிதைந்துவிடும், படிவமாகாது. பாறையில் நமக்குக் கிடைப்பது அந்த உயிரி ஓய்வுக்காலத்தில் தன்னைச் சுற்றிக் கட்டிக்கொண்ட உறை. அதன் சுவர் டைனோஸ்போரின் என்ற கரிமப் பொருளாலானது. பாறையைக் கரைக்கும் அமிலத்துக்கும் அசையாது. பெரும்பாலான சிஸ்ட்களின் அளவு 20 முதல் 150 மைக்ரானுக்குள் இருக்கும்.

இன்று வாழும் இனங்களில் ஆறில் ஒரு பங்குகூட இப்படிப் படிவமாகக்கூடிய உறையைக் கட்டுவதில்லை. புதுச்சேரிக் கடற்கரையில் அவ்வப்போது இரவில் நீலமாக ஒளிரும் நாக்டிலூக்காவும் டைனோஃபிளாஜெல்லேட்தான். அது அத்தகைய உறையை விட்டுச்செல்வதில்லை. ஆகவே ஸ்லைடில் ஓர் இனம் இல்லை என்றால் அன்றைய கடலில் அது இல்லை என்று எழுதிவிட முடியாது.

நம் பகுதியில் எந்தப் பாறையில் தேட வேண்டும்?

நிறத்தைப் பாருங்கள். சாம்பல், கருஞ்சாம்பல், கரும்பச்சைக் களிமண்ணும் மென்களிப்பாறையும் நல்லவை. சிவப்பும் மஞ்சளும் வேண்டாம். ஆரோவில் பக்கத்துச் செம்மண் ஓடைகளிலும் திருவக்கரையிலும் வெளியே தெரியும் கடலூர் மணற்கல்லில் இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைந்திருக்கிறது. அதே ஆக்சிஜனேற்றம் கரிமச் சுவரையும் தின்றுவிடும். அங்கே மரம் கல்லாகி நிற்கலாம், சிஸ்ட் நிற்காது. திருவக்கரை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பாதுகாப்பில் உள்ள தேசியக் கல்மரப் பூங்கா. அங்கிருந்து எதையும் எடுத்துவரக் கூடாது என்பது தனி விஷயம்.

அந்த மணற்கல்லுக்குக் கீழே, புதுச்சேரிக்கு வடமேற்கே, கடல் படிவுகள் வரிசையாக இருக்கின்றன: கிரிட்டேஷியஸ் (டைனோசர்களின் கடைசிக்) காலத்து வழுதாவூர், மெட்டுவெளி அமைவுகள், அவற்றுக்கு மேலே பாலியோசீன் (அதற்கு அடுத்த) காலத்துக் கரசூர், மணவெளி அமைவுகள். இப்பகுதியின் கடல் படிவங்கள் உலகுக்குத் தெரிந்தது 1840களில். கே, கன்லிஃப் என்ற இருவர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளி பகுதிகளில் சேகரித்தவற்றை இயற்கையியலாளர் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் விவரித்தார். அவர் பார்த்தது கிளிஞ்சல்களும் அம்மோனைட்டுகளும். நமக்கு வேண்டியது அந்தக் கிளிஞ்சல் அடுக்குகளுக்கு இடையே உள்ள களிமண். கரசூர்ச் சுண்ணாம்புக்கல்லிலும் முயலலாம், ஆனால் 50 கிராமுக்குக் குறையாமல் எடுக்க வேண்டும்.

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி சதுப்புக்காட்டுப் படிவு. மகரந்தமும் வித்துத்தூளும் கொட்டிக் கிடக்கும். சிஸ்ட் வேண்டுமானால் கடல்நீர் எட்டிய களிமண் அடுக்கைத்தான் தேட வேண்டும்.

மாதிரி எடுக்கும்போது கவனிக்க வேண்டியது?

கிணற்றுச் சுவர், ஓடைக் கரை எதுவானாலும் மேல் 20, 30 செ.மீ. வெட்டி எறிந்துவிட்டு உள்ளே ஈரமும் கருமையும் தெரியும் இடத்தில் எடுங்கள். வேர் ஓடிய மண் கூடாது. புதுப் பிளாஸ்டிக் பை, ஒவ்வோர் எடுப்புக்கும் துடைத்த கத்தி. கடலூர்க் கடற்கரை முழுக்கச் சவுக்குத் தோப்பு. அதன் மகரந்தம் காற்றில் எங்கும் இருக்கும். ஸ்லைடில் சாஃப்ரானின் சாயத்தை அடர்த்தியாகப் பிடித்த, சுருக்கமே இல்லாத சவுக்கு மகரந்தம் நிறையத் தெரிந்தால் அந்த மாதிரியைச் சந்தேகியுங்கள்.

ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மேலே வரும் துகள்களை நம்பலாமா என்றால், பாதி நம்பலாம். துளையிடும்போது மேல் அடுக்குத் துகள் கீழே விழுந்து கலக்கும். ஆகவே ஓர் இனம் மேலிருந்து இறங்கும்போது முதன்முதலில் எந்த ஆழத்தில் தென்படுகிறது என்பது மட்டுமே பொருள் உள்ள தகவல். எந்த ஆழத்தில் நின்றுபோகிறது என்பது பெரும்பாலும் பொய். புதுச் சிற்றினத்துக்கான வகைமாதிரியை (பெயருக்கு ஆதாரமாக நிறுத்தும் ஒரே மாதிரியை) இத்தகைய துகளிலிருந்து தேர்ந்தெடுக்காமல் இருப்பது நல்லது. எந்த அடுக்கிலிருந்து வந்தது என்ற கேள்விக்கு உறுதியான பதில் இருக்காது.

பாறையிலிருந்து சிஸ்டைப் பிரிப்பது எப்படி?

20 முதல் 30 கிராம் உலர்ந்த களிப்பாறையை எடுத்து, பட்டாணி அளவுக்கு உடையுங்கள். மாவாக அரைக்காதீர்கள், முட்கள் எல்லாம் முறிந்துவிடும். கிராமுக்கு எத்தனை சிஸ்ட் என்று கணக்கிட வேண்டுமானால் லைகோபோடியம் செடியின் வித்துத்தூள் தெரிந்த எண்ணிக்கையில் அடங்கிய மாத்திரையை இப்போதே போட வேண்டும்.

முதலில் 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம், சிறிது சிறிதாக, நுரை அடங்கும் வரை. பிறகு அமிலத் தன்மை போகும் வரை நீரால் கழுவுங்கள். இந்தக் கழுவலில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். கால்சியம் மிச்சமிருக்கும்போது அடுத்த அமிலத்தை ஊற்றினால் கால்சியம் ஃப்ளூரைடு வெள்ளையாகப் படியும். அது எதிலும் எளிதில் கரையாது, அந்த மாதிரியே வீண்.

அடுத்தது 40 சதவீத ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம், 24 முதல் 48 மணி நேரம், பாலிப்ரொப்பிலீன் பாத்திரத்தில். கண்ணாடியை இது கரைக்கும். களிமண்ணோடு சேரும்போது கொதித்துப் பொங்கும், ஆகவே சொட்டுச் சொட்டாகத்தான். இந்த அமிலம் தோலில் பட்டால் உடனே வலிக்காமல், சில மணி நேரம் கழித்து எலும்பு வரை இறங்கிய பிறகு வலிக்கலாம். ஃப்யூம் ஹூட், தடித்த கையுறை, முகக்கவசம், கைக்கெட்டும் தூரத்தில் 2.5 சதவீதக் கால்சியம் குளுக்கோனேட் ஜெல், பக்கத்தில் பயிற்சி பெற்ற இன்னொருவர் – இவற்றில் ஒன்று இல்லையென்றாலும் பாட்டிலைத் திறக்காதீர்கள். பட்டுவிட்டால் நீரால் கழுவி, ஜெல்லைத் தேய்த்து, வலி இல்லாவிட்டாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். வீட்டிலோ கல்லூரி வராந்தாவிலோ செய்யும் வேலை இல்லை இது.

பின்பு மறுபடி சூடான 10 சதவீத ஹைட்ரோகுளோரிக். இடையில் உருவான ஃப்ளூரோசிலிகேட் படிகங்கள் இதில் போகும். கடைசியாக 10 மைக்ரான் நைலான் வலையில் சலியுங்கள். 20 மைக்ரான் வலையில் சலித்தால் சிறு சிஸ்ட்கள் கழிவுநீரோடு போய்விடும். பிறகு "இந்த மாதிரியில் சிறியவை இல்லை" என்று ஒரு பொய் முடிவு கட்டுரையில் ஏறும். அல்ட்ராசோனிக் அதிர்வு அரை நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

நைட்ரிக் அமிலம், அசிட்டாலிசிஸ் (அசிட்டிக் அன்ஹைட்ரைடும் கந்தக அமிலமும் கலந்து சூடாக்குவது) இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். மகரந்த ஆய்வுக்கூடங்களில் அசிட்டாலிசிஸ் அன்றாட வழக்கம் என்பதால் பழக்கத்தில் இங்கும் செய்கிறார்கள். பழுப்பு நிற, மெல்லிய சுவருள்ள புரோட்டோபெரிடினிய சிஸ்ட்கள் அதில் முதலில் அழியும்.

அமிலமே இல்லாமல் பழக வழி உண்டா?

உண்டு. பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரச் சேற்றின் மேல் 2 செ.மீ.யை எடுத்து, 5 சதவீதச் சோடியம் ஹெக்சாமெட்டாஃபாஸ்பேட் கரைசலில் வெதுவெதுப்பாக ஊறவைத்து, 125 மைக்ரான் வலையில் மணலையும் கிளிஞ்சலையும் நீக்கி, 10 மைக்ரான் வலையில் தங்குவதைக் கண்ணாடிக் குவிதட்டில் சுழற்றினால் கனமான துகள் நடுவில் ஒதுங்கும், இலேசானது மேலே நிற்கும். இன்று வாழும் இனங்களின் சிஸ்டைப் பார்த்துக் கண் பழகிய பிறகு கிரிட்டேஷியஸ் பக்கம் போவது எளிது.

நுண்ணோக்கியில் முதலில் எதைப் பார்ப்பது?

ஆர்க்கியோபைல். உறைக்குள் இருந்த செல் வெளியேறிய வாசல் அது. முட்களின் அழகில் மயங்கி அதைக் கடைசியில் பார்ப்பவர்கள்தான் அதிகம். முட்களோடு கூடிய இந்த உருண்டைகளை நெடுங்காலம் ஹிஸ்ட்ரிகோஸ்ஃபியர் என்று ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருந்தார்கள். 1961இல் அமெரிக்க ஆய்வாளர் வில்லியம் எவிட் அவற்றில் பலவற்றில் வாசல் ஒழுங்கான வடிவத்தோடு, குறிப்பிட்ட தகட்டுக்குரிய இடத்திலேயே திறப்பதைக் காட்டினார்; அவை டைனோஃபிளாஜெல்லேட் சிஸ்ட்கள் என்று அப்போதுதான் நிலைபெற்றது.

முக்கியமான வகைகள் நான்கு. நுனித் தகடுகள் ஒட்டுமொத்தமாகக் கழன்றால் நுனி ஆர்க்கியோபைல். அதன் விளிம்பு வளைந்து நெளிந்து கோணல்மாணலாக இருக்கும். முதுகுப்புற நடுவில், இடைப்பட்டைக்கு (உடலின் நடுவைச் சுற்றி ஓடும் பட்டைக்கு) நேர் மேலே ஒரு தகடு மட்டும் கழன்றால் முன்பட்டை ஆர்க்கியோபைல். அந்தத் தகடு மூன்றாம் முன்பட்டைத் தகடு. முதுகுப்புறத்தில் இன்னும் உயரத்தில் திறந்தால் இடைத்தகட்டு ஆர்க்கியோபைல். மேல்பாதி முழுவதும் பிரிந்தால் மேலுறை ஆர்க்கியோபைல்; வெப்பமண்டலக் கடலோரக் காயல்களில் கிடைக்கும் பாலிஸ்ஃபெரிடியம் ஸோஹரியி இப்படித்தான் பிளக்கும்.

இரண்டாவதையும் மூன்றாவதையும் குழப்பிக்கொள்வது வழக்கம். சோதனை எளிது: வாசலின் அடிவிளிம்புக்கும் இடைப்பட்டைக்கும் நடுவே இன்னொரு தகட்டு வரிசை இருக்கிறதா? இருந்தால் இடைத்தகட்டு வகை. வாசல் பட்டையைத் தொட்டுக்கொண்டிருந்தால் முன்பட்டை வகை.

கிழிசலை வாசல் என்று எண்ணிவிடவும் கூடாது. ஒரே வகையில் குறைந்தது பத்து மாதிரிகளைப் பாருங்கள். திறப்பு எல்லாவற்றிலும் ஒரே இடத்தில், ஒரே கோணங்களோடு இருந்தால் வாசல். ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் இடம் என்றால் கிழிசல். கழன்ற மூடிகள் தனியாக ஸ்லைடில் கிடக்கும். அவற்றைக் குப்பை என்று தள்ளாதீர்கள். வாசலின் வடிவத்தை வாசலைவிடத் தெளிவாகக் காட்டுவது பல நேரம் அந்த மூடிதான்.

இடம் வலம் எப்படித் தெரியும்? படம் தலைகீழாகத்தானே தெரிகிறது?

அதிகம் தவறு நடக்கும் இடம் இதுதான். சாதாரணக் கூட்டு நுண்ணோக்கி படத்தை 180 பாகை சுழற்றுகிறது. சுழற்றினால் இடவலம் மாறாது. காகிதத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பிடிப்பதோடு சரி. கண்ணாடிப் பிம்பமாக மாறுவது வேறு இரண்டு வழிகளில். ஒன்று, கேமரா மென்பொருள் படத்தைப் புரட்டுவது. ஒரு ஸ்லைடில் பொடி எழுத்தில் அச்சடித்த "க" ஒன்றை ஒட்டிப் பாருங்கள். சுழற்றினால் "க" ஆகிறதா, எப்படிச் சுழற்றினாலும் ஆகவில்லையா என்று தெரிந்துவிடும். இரண்டாவது வழி குவியம். சிஸ்ட் ஒளி ஊடுருவும் பொருள். மேல் குவியத்தில் நமக்கு அருகிலுள்ள முகம் தெரியும். குவியத்தைக் கீழே இறக்கினால் எதிர்முகம் உள்ளிருந்து தெரியும், அப்போது அது பிம்பம்.

சரிபார்க்க இடைப்பட்டையே போதும். கோனியாலக்காய்டு என்ற பெரும்பிரிவின் இனங்களில் பட்டையின் தொடக்க முனை செல்லின் இடப்புறத்தில் சற்று மேலே இருக்கும். அது செல்லைச் சுற்றிவந்து வலப்புறத்தில் சற்றுக் கீழே முடியும். வயிற்றுப்புறத்தை நேராகப் பார்த்தால் செல்லின் இடம் நமக்கு வலம். எனவே நம் வலப்பக்க முனை உயரமாகத் தெரிய வேண்டும். இடப்பக்க முனை உயரமாகத் தெரிந்தால் முதுகுப்புறம் வழியாக உள்ளே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் "வயிற்றுப்புறம், மேல் குவியம்" என்பதுபோல் எழுதிவையுங்கள். அப்படி எழுதாத படத்தை ஒப்பிடுவது வீண்வேலை.

தகட்டு அமைப்பை எப்படிக் குறிப்பது?

அமெரிக்க விலங்கியலாளர் சார்ல்ஸ் கோஃபாய்ட் 1907, 1909 ஆண்டுகளில் வகுத்த முறைதான் இன்றும் அடிப்படை. நுனி, முன் இடை, முன்பட்டை, பட்டை, நெடும்பள்ளம் (வயிற்றுப்புறத்தில் நெடுக்காக ஓடும் பள்ளம்), பின்பட்டை, பின் இடை, அடி என்று வரிசை வரிசையாகத் தகடுகளை எண்ணுகிறோம். கோனியாலக்காய்டு வகையில் பொதுவாக 4 நுனி, 6 முன்பட்டை, 6 பட்டை, 6 பின்பட்டை, 1 பின் இடை, 1 அடித் தகடு. மற்றொரு பெரும்பிரிவான பெரிடினாய்டு வகையில் 4 நுனி, 3 முன் இடை, 7 முன்பட்டை, 5 பின்பட்டை, 2 அடித் தகடுகள்.

எல்லாத் தகட்டையும் எண்ண முடியாத மோசமான மாதிரியில் அடிப்பகுதியை மட்டும் பாருங்கள். அடித் தகடு ஒன்றா இரண்டா என்பதே பெரிய பிரிவைச் சொல்லிவிடும். பல பெரிடினாய்டு சிஸ்ட்களில் அடியில் இரண்டு கொம்பு நீட்டிக்கொண்டிருப்பதும் அதனால்தான்.

சிஸ்டில் தகடு கிடையாது, தகட்டின் சாயல்தான் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். சில இனங்களில் தகட்டு எல்லையில் மெல்லிய வரம்பு ஓடும். ஸ்பினிஃபெரைட்டஸ் என்ற பேரினத்தில் வரம்பு தாழ்ந்திருக்கும், தகடுகள் கூடும் மூலைகளில் முட்கள் எழும், முள்ளின் நுனி மூன்றாகக் கிளைத்து ஒவ்வொரு கிளையும் மறுபடி இரண்டாகப் பிளக்கும். ஆபர்குலோடினியம் என்ற பேரினத்தில் முட்கள் உடல் முழுக்கப் பரவி நிற்கும், தகட்டுக் கணக்குக்குக் கட்டுப்படாது. அங்கே வாசல் ஒன்றுதான் துப்பு.

வாசலே தெரியவில்லை, தகடும் இல்லை. என்ன செய்வது?

அக்ரிடார்க் என்று எழுதுங்கள். எவிட் 1963இல் இந்தப் பெயரை வைத்ததே, எந்த உயிரியைச் சேர்ந்தது என்று முடிவுசெய்ய முடியாத கரிமச் சுவர் நுண்படிவங்களுக்காகத்தான். பிற்காலத்தில் நல்ல மாதிரி கிடைத்து டைனோஃபிளாஜெல்லேட் என்று மாற்றிக்கொள்ளலாம்.

எந்த வரிசை, எந்தக் குடும்பம் என்று எப்படி முடிவுசெய்வது?

1993இல் ஃபென்சோமும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட வகைப்பாடு வாழும் இனங்களையும் படிவங்களையும் ஒரே சட்டகத்தில் வைத்தது. அது தகட்டு அமைப்பை முதன்மையாக எடுத்துக்கொள்கிறது. இன்று பெரும்பாலோர் பின்பற்றுவது அதைத்தான். பேரினத்தின் இன்றைய நிலை, பெயரின் வரலாறு, எந்தப் பெயர் மறுபெயர் என்று கண்டு எதற்குள் ஒடுங்கியது ஆகியவற்றை டைனோஃப்ளாஜ் 3 என்ற இணையத் தரவுத்தளத்தில் பார்க்கலாம்.

முடிவெடுக்கும் வரிசை: முதலில் தகட்டு வகை, அடுத்து வாசல், அதன் பிறகு சுவர் அடுக்குகள், கடைசியில்தான் முட்களும் மேற்பரப்பு வேலைப்பாடும். சுவர் ஒற்றையாக, உடல் வடிவம் நீந்தும் செல்லை ஒத்திருந்தால் அண்மை வகை. நீண்ட முட்கள் இருந்தால் கோரேட் வகை. இரண்டு சுவருக்கு நடுவே வெற்றிடம் இருந்தால் கேவேட் வகை. இவை வடிவத்தைச் சொல்லும் சொற்கள். குடும்பத்தைச் சொல்பவை அல்ல. கோரேட் என்பதால் மட்டும் இரண்டு சிஸ்ட்கள் உறவு ஆகிவிடாது.

எப்போது "புதுச் சிற்றினம்" என்று சொல்லலாம்?

கடைசியாக. அதற்கு முன் நான்கு சந்தேகங்கள் தீர வேண்டும்.

தெரிந்த இனம் உடைந்தோ அமிலத்தில் அரிக்கப்பட்டோ கிடக்கிறதா? முள் நுனி முறிந்த ஸ்பினிஃபெரைட்டஸ் "எளிய முள்" உள்ள புதுப் பேரினம்போலவே தெரியும். முறிந்த நுனி தட்டையாக, ஒவ்வொரு முள்ளிலும் வெவ்வேறு உயரத்தில் இருக்கும். பைரைட் படிகம் உள்ளே வளர்ந்து விட்டுச்சென்ற குழிகளையும் "வலைப்பின்னல் மேற்பரப்பு" என்று விவரித்துவிட வாய்ப்புண்டு. குழி கோண விளிம்போடு, சுவரின் உள்பக்கமிருந்து வந்திருந்தால் பைரைட்.

சூழல் செய்த வேறுபாடா? லிங்குலோடினியம் மக்கேரோஃபோரம் என்ற சிஸ்ட் இனத்தின் முள் நீளம் நீரின் உப்பளவோடும் வெப்பத்தோடும் சேர்ந்து மாறுகிறது. உப்புக் குறைந்தால் முள் குட்டையாகும். வடகிழக்குப் பருவமழையில் நன்னீர் பெருகும் முகத்துவாரம் போன்ற இடத்தில் குட்டை முள் கிடைத்தால் முதலில் தோன்ற வேண்டிய விளக்கம் இதுதான். குட்டைக்கும் நெட்டைக்கும் இடையே எல்லா நீளமும் அதே மாதிரியில் இருக்கிறதா என்று ஒரு நீள வரைபடம் போட்டுப் பாருங்கள். ஒரே மேடு என்றால் ஒரே இனம்.

பழைய பாறையிலிருந்து அரித்து வந்து சேர்ந்ததா? பாலியோசீன் களிமண்ணில் டைனோஜிம்னியம் தென்பட்டால் அது கிரிட்டேஷியஸ் அடுக்கிலிருந்து வந்த வந்தேறி. அந்தப் பேரினம் கிரிட்டேஷியஸ் முடிவோடு மறைந்துவிட்டது. வந்தேறிகளின் நிறம் பெரும்பாலும் அடர்த்தியாகவும் சுவர் தேய்ந்தும் இருக்கும். எப்போதும் அல்ல.

நான்காவது, வேறு பெயரில் ஏற்கெனவே விவரிக்கப்பட்டிருக்கிறதா? அந்தப் பேரினத்தில் உள்ள எல்லாச் சிற்றினங்களின் மூல விவரிப்பையும் மூலப் படத்தையும் பார்த்தாக வேண்டும். பின்வந்தோர் எழுதிய சுருக்கம் போதாது.

இவ்வளவுக்கும் பிறகு மாதிரி ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்றால் பேரினப் பெயரோடு "சிற்றினம் அ" என்று படத்தோடு வெளியிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். குறைந்தது 20, 25 மாதிரிகள், இயன்றால் ஒன்றுக்கு மேற்பட்ட அடுக்கிலிருந்து, கையில் வந்த பிறகு பெயர் வைக்கலாம். இந்த எண்ணிக்கை விதி இல்லை, நடைமுறை. ஆனால் ஒற்றை மாதிரிப் பெயர்கள்தான் பிற்பாடு அதிகமாக ஒடுங்கிப்போகின்றன.

விவரிப்பை எழுதும் வரிசை என்ன?

இரண்டு பத்தி. சுருக்க இலக்கணம் இந்தச் சிற்றினத்தை மற்றவற்றிலிருந்து பிரிப்பதை மட்டும் இரண்டு மூன்று வாக்கியத்தில் சொல்லும். விவரிப்பு எல்லாவற்றையும் சொல்லும்: உடல் வடிவம், சுவர் அடுக்கு, மேற்பரப்பு, முள், தகட்டு அமைப்பு, வாசல், மூடி, இடைப்பட்டை, நெடும்பள்ளம், அளவுகள். கீழே உள்ளது எழுத்து நடைக்காக இட்டுக்கட்டிய மாதிரி மட்டுமே:

"உடல் கோளம் முதல் முட்டை வடிவம். சுவர் ஒற்றை, தடிமன் சுமார் 1 மைக்ரான், மேற்பரப்பு நுண்மணிகள் கொண்டது. முட்கள் தகட்டு மூலைகளில் மட்டும், உள்ளீடற்றவை, நுனி மூடியவை, மூன்றாகக் கிளைத்தவை. தகட்டு எல்லை வரம்புகள் 2 மைக்ரானுக்குக் குறைந்த உயரம். ஆர்க்கியோபைல் முன்பட்டை வகை, மூன்றாம் தகடு. மூடி தனித்துக் கழலும். உடல் நீளம் 41 (47) 56 மைக்ரான், முள் நீளம் 9 (12) 15 மைக்ரான், அளந்தவை 25."

அடைப்புக்குள் இருப்பது சராசரி, இருபுறமும் மிகக் குறைந்ததும் மிக அதிகமும். முள்ளைச் சேர்த்து அளந்ததா, நீக்கி அளந்ததா என்று சொல்லாத அளவுக்கு மதிப்பில்லை. "அழகிய", "பெரிய", "நீண்ட" போன்ற சொற்கள் வேண்டாம். முள் நீளம் உடல் விட்டத்தில் கால் பங்கு என்று எழுதினால் யாரும் சரிபார்க்க முடியும்.

இறுதியில் ஒப்பீடு. நெருங்கிய இரண்டு மூன்று சிற்றினங்களைப் பெயர் சொல்லி, எதில் வேறுபடுகிறது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம். மதிப்பீட்டாளர் முதலில் திருப்பிப் பார்க்கும் பத்தி அதுதான்.

பெயர் செல்லுபடியாக என்ன விதிகள்?

படிவ டைனோஃபிளாஜெல்லேட்டுகளுக்குப் பாசி, பூஞ்சை, தாவரங்களுக்கான பன்னாட்டுப் பெயரிடல் விதிகள் பொருந்தும். 1912 முதல் படிவத்துக்குப் படம் கட்டாயம். 1958 முதல் வகைமாதிரியைக் குறிப்பிட வேண்டும். 1990 முதல் அது வகைமாதிரி என்பதை வெளிப்படையாக எழுதி, எந்த நிறுவனத்தில் வைக்கப்பட்டுள்ளது என்றும் சொல்ல வேண்டும். 1996 முதல் படிவ இனத்தின் விவரிப்போ சுருக்க இலக்கணமோ லத்தீனிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும். தமிழில் மட்டும் எழுதினால் பெயர் செல்லாது, கூடவே தமிழிலும் எழுதத் தடையில்லை. 2001 முதல் படங்களில் ஒன்று வகைமாதிரியுடையது என்று அடையாளம் காட்ட வேண்டும். 2012 முதல் இணையத்தில் மட்டும் வெளியானாலும் செல்லும், ஆனால் பிடிஎஃப் வடிவில், ஐஎஸ்எஸ்என் அல்லது ஐஎஸ்பிஎன் உள்ள வெளியீட்டில்.

மாநாட்டுச் சுருக்கத்தில் பெயரை முந்திக்கொண்டு அச்சிடாதீர்கள். படமும் வகைமாதிரியும் இல்லாத வெற்றுப் பெயராக அது சுற்றிவரும், பிறகு சரிசெய்வது தலைவலி.

ஊர்ப் பெயர் வைக்க விரும்புவோர் பேரினத்தின் பாலைப் பார்க்க வேண்டும். ஸ்பினிஃபெரைட்டஸ் ஆண்பால், கிளாஃபிரோசிஸ்டா பெண்பால். இரண்டிலும் ஊர்ப் பெயரின் பின்னொட்டு "என்சிஸ்". ஆபர்குலோடினியம்போல "டினியம்" என்று முடிபவை அலிப்பால், அங்கே "என்சே".

வகைமாதிரியை எங்கே வைப்பது?

பொது நிறுவனத்தில், பதிவு எண்ணோடு. லக்னோவில் உள்ள பீர்பால் சாஹ்னி தொல் அறிவியல் நிறுவனத்தின் அருங்காட்சியகம் இத்தகைய ஸ்லைடுகளைப் பாதுகாக்கிறது. புதுச்சேரியில் 1955இல் தொடங்கிய பிரெஞ்சு நிறுவனத்தில் மகரந்த ஒப்பீட்டுத் தொகுப்பு உள்ளது. மகரந்தத்தையும் சிஸ்டையும் பிரித்தறியக் கண் பழக அது பயன்படும். பேராசிரியரின் மேசை இழுப்பறை நிறுவனம் ஆகாது.

ஒரு ஸ்லைடில் ஆயிரக்கணக்கான துகள் இருக்கும்போது "இந்த ஸ்லைடில் இருக்கிறது" என்றால் யாருக்கும் கிடைக்காது. இங்கிலாந்து ஃபைண்டர் (ஸ்லைடில் இடத்தைக் குறிக்க உதவும் கட்டம் போட்ட கண்ணாடி) கட்டத்தின் குறியீட்டைக் கொடுங்கள், ஸ்லைடின் லேபிள் இடப்பக்கம் இருக்கும்போதா வலப்பக்கம் இருக்கும்போதா என்பதையும் சேர்த்து. முடிந்தால் கண்ணிமை முடி ஒட்டிய குச்சியால் அந்த ஒரு சிஸ்டை மட்டும் எடுத்துத் தனி ஸ்லைடில் ஏற்றலாம். பழகாத கைக்கு இது ஆபத்து. முதலில் சாதாரண மாதிரிகளில் பழகுங்கள், வகைமாதிரியில் அல்ல.

ஒரே உயிரிக்கு இரண்டு பெயர் இருக்கலாமா?

இருக்கலாம். டைனோஃபிளாஜெல்லேட்டுகளுக்கு விதியே இடம் தருகிறது. நீந்தும் செல் லிங்குலோடினியம் பாலிஎட்ரா, அதன் சிஸ்ட் லிங்குலோடினியம் மக்கேரோஃபோரம். பைரோடினியம் பஹாமென்ஸ் என்ற வாழும் இனத்தின் சிஸ்ட்தான் மேலே சொன்ன பாலிஸ்ஃபெரிடியம். ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காமல், படிவம் பற்றி எழுதும்போது படிவப் பெயரையே கடைசி வரை பயன்படுத்துங்கள்.

கடற்கரை ஊரில் ஸ்லைடு எத்தனை நாள் தாங்கும்?

கிளிசரின் ஜெல்லி வேலைக்கு நல்லது. சற்று இளக்கினால் சிஸ்டை உருட்டிப் பல பக்கமும் பார்க்க விடும். ஆனால் அதில் சிஸ்ட் காலப்போக்கில் ஊதும், அளவு மாறும். புதுச்சேரியின் ஈரக்காற்றில் பூஞ்சையும் பிடிக்கும். ஆகவே அளவையும் படத்தையும் ஸ்லைடு போட்ட சில வாரங்களுக்குள் முடித்துவிடுங்கள். ஜெல்லியில் சிறிது ஃபீனால் சேர்த்து, கவர் ஸ்லிப்பின் நான்கு விளிம்பையும் நகப்பூச்சால் இரண்டு முறை பூசி அடைத்து, சிலிக்கா ஜெல் போட்ட பெட்டியில் படுக்கையாக வையுங்கள். நிமிர்த்தி வைத்தால் வெயில் காலத்தில் ஜெல்லி இளகி எல்லாச் சிஸ்டும் ஒரு பக்கம் இறங்கும், எழுதிவைத்த குறியீடு பொய்யாகும். வகைமாதிரிக்கு எப்பாக்சி போன்ற நிரந்தர ஊடகமே சரி. சலித்த மிச்சத்தையும் கொட்டிவிடாதீர்கள். சிறு குப்பியில் இரண்டு சொட்டு கிளிசரினும் ஒரு துளி ஃபீனாலும் விட்டு, அதே மாதிரி எண்ணை எழுதி வைத்தால் ஸ்லைடு உடைந்தாலும் மறுபடி போட்டுக்கொள்ளலாம்.